முப்பதாம் நாள் பெரியாச்சி முன்னாடி நாம கேக்காத கேள்வி

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கெடைக்கும்போது கடைசி வரைக்கும் படிங்க. வீட்டுல பிள்ளை பெத்த பொண்ணு இருந்தா, அந்த வீட்டுப் பெரியவங்ககிட்டயும் படிச்சுக் காட்டுங்க.

போன வெள்ளிக்கிழமை நம்ம கோயில்ல ஒரே நாள்ல மூணு குழந்தைகளுக்குப் பெரியாச்சி படையல். முடி எடுத்து, சந்தனம் பூசி, அம்மன் முன்னாடி குழந்தையைக் கிடத்தி எடுத்தாங்க. வந்தவங்க எல்லாரும் குழந்தையைத்தான் பார்த்தோம். "யாரு ஜாடை?", "பால் நல்லாக் குடிக்குதா?", "ராத்திரி தூங்குதா?" தாயைப் பார்த்து "நீ தூங்குறியாம்மா?"ன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. இத்தனை வருஷமா தொண்டு செய்றேன், ஒரு தடவைகூட கேட்டதில்ல. அதனாலதான் இந்தப் பதிவு.

பெரியாச்சி யாருன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பிரசவம் பார்த்த தாய். பிறந்த குழந்தை மண்ணுல படக்கூடாதுன்னு கையில தூக்கிப் பிடிச்சவள். தமிழ்நாட்டுல கிராமத்துக் காவல் தெய்வமா இருந்தவளை, நம்ம முன்னோர் கப்பல் ஏறி வந்தப்ப மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூட்டிட்டு வந்தாங்க. தோட்டத்து மாரியம்மன் கோயில்கள்ல அவளுக்கு ஒரு இடம் இருந்ததுக்குக் காரணம் இருக்கு. அந்தக் காலத்துல பிரசவம்னா சாவோட எல்லை வரைக்கும் போயிட்டு வர்றது. அதுக்கு ஒரு தெய்வத் துணை வேணும். சரி, உடம்பு பிழைச்சிருச்சு. மனசு பிழைக்காமப் போன தாய்மாருக்கு யாரு துணை? இந்த வரலாறு நம்ம பேராக் மாநிலத்துலயே நிறைய இருக்கு. நாமதான் பேசினதில்ல.

எங்க வீட்டுக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பாட்டிக்கு ஒரு தங்கச்சி. எங்களுக்குச் சின்னப் பாட்டி. 1950-கள்ல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்துல லயத்து வீடு. அவசரகாலம் நடந்துக்கிட்டிருந்த நேரம். லயத்தைச் சுத்தி முள்வேலி, ராத்திரியானா ஊரடங்கு. ரெண்டாவது பிள்ளையை மருத்துவச்சி வந்து வீட்டுலயே எடுத்தாங்க. அஞ்சாம் நாள் ராத்திரியில இருந்து சின்னப் பாட்டிக்குத் தூக்கமே இல்ல. "இது என் பிள்ளை இல்ல, யாரோ மாத்தி வச்சிட்டாங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்களாம். தோட்டத்துல உடனே முடிவு பண்ணிட்டாங்க: முனி அடிச்சிருச்சு, பச்சை உடம்போட பால்மரக்காட்டுப் பக்கம் போயிருப்பா. வேப்பிலை அடிச்சாங்க, மிளகாய்ப் புகை போட்டாங்க, முடியைப் பிடிச்சு "நீ யாரு சொல்லு"ன்னு கேட்டாங்க. பத்து நாள் கழிச்சு, தோட்டத்து டிரெசர்தான் லாரியில ஏத்தி தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பி வச்சார்.

ஏறக்குறைய ஆறு மாசத்துல குணமாகி வீட்டுக்கு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் வாழ்ந்தாங்க. மரம் வெட்டினாங்க, சீட்டுப் பிடிச்சாங்க, பேரன் பேத்தி எடுத்தாங்க. ஆனா "தஞ்சோங் ரம்புத்தான் போனவ"ங்கற பேரு மட்டும் போகவே இல்ல. தோட்டத்துல எந்தக் குழந்தைக்குப் படையல் போட்டாலும் அவங்க கையில குழந்தையைக் குடுக்க மாட்டாங்க. கோயில் தூணோரமா நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. நான் சின்னப் பையனா அதைப் பார்த்திருக்கேன். ஆறு மாச நோய்க்கு நாப்பது வருஷத் தண்டனை.

இப்ப வரலாற்றுக்கு வருவோம்.

இந்த நோய் புதுசு இல்ல. "எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது, இப்ப உள்ள பொண்ணுங்களுக்குத்தான் டிப்ரெஷன்"னு சொல்றவங்க இருக்காங்க. அது தப்பு. நம்ம பாட்டிமார் "பிள்ளை பெத்தவளுக்கு ஜன்னி கண்டுருச்சு"ன்னு சொல்வாங்களே, அந்த ஜன்னி எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? "சன்னிபாதம்"ங்கற மருத்துவச் சொல்லுல இருந்து. வாதம், பித்தம், கபம் மூணும் சேர்ந்து கெட்டுப் போறதுக்கு அந்தப் பேரு. சித்த மருத்துவத்துல சூதக சன்னின்னே ஒரு பேரு உண்டு. சரக சம்ஹிதை உன்மாதத்தை, அதாவது புத்தி தடுமாற்றத்தை, அஞ்சு வகையாப் பிரிக்குது. வாதத்தால, பித்தத்தால, கபத்தால, மூணும் சேர்ந்து வர்றதுன்னு நாலு. வெளியில இருந்து வந்து பிடிக்கிறதுங்கறது அஞ்சாவது ஒண்ணு மட்டும்தான். அதாவது நம்ம பழைய நூலே அஞ்சுல நாலை உடம்போட காரணம்னு சொல்லிடுச்சு. நாமதான் நாலையும் விட்டுட்டு அஞ்சாவதை மட்டும் பிடிச்சுக்கிட்டோம்.

ஏன் இப்படி ஆச்சு? என் கணிப்பைச் சொல்றேன். அந்தக் காலத்துல பிரசவத்துக்கு அப்புறம் கிருமி தாக்கிக் கடுமையான காய்ச்சல் வரும். அதுல தாய் பிதற்றுவாங்க, பல பேர் இறந்தும் போனாங்க. அதைத்தான் பெரும்பாலும் ஜன்னின்னு சொன்னாங்க. காய்ச்சல் இல்லாமலே மனசு கலங்கின பெண்களும் அதே பேருக்குள்ள இருந்தாங்க. 1930-கள்ல சல்ஃபா மாத்திரை, 1940-கள்ல பெனிசிலின்னு வந்ததும் காய்ச்சல் ஜன்னி குறைஞ்சு போச்சு, அந்தச் சொல்லும் மெல்ல மறைஞ்சு போச்சு. காய்ச்சல் இல்லாமக் கலங்கினவங்க மிச்சம். அவங்களுக்கு ரெண்டே பேருதான் மிச்சம்: ஒண்ணு பேய், இல்ல பைத்தியம்.

நம்ம மலாய் அண்டை வீட்டுக்காரங்களும் இதுக்கு மெரோயான்னு பேரு வச்சிருக்காங்க. வெள்ளைக்காரங்க நாட்டுலயும் இதே கதைதான். 1858-லயே லூயி விக்டர் மார்சேங்கற பிரெஞ்சு டாக்டர், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெத்தவங்களுக்கும் வர்ற மனநோயைப் பத்தித் தனியா ஒரு புத்தகமே எழுதியிருக்கார். அப்புறம்கூட அங்க தாய்மாரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் அடைச்சாங்க. இனம், மதம், நாடு பார்த்து வர்ற நோய் இல்ல இது.

ஆனா தோட்டத்துக்குன்னு ஒரு தனிக் கஷ்டம் இருந்துச்சு.

நம்ம வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டுல. அம்மா பத்தியம் சமைப்பாங்க, சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, பிரசவ மருந்து. பிள்ளையை அம்மா பார்த்துக்குவாங்க, மக தூங்குவா. இது வெறும் சம்பிரதாயம் இல்ல, மருந்து. சரி, தாய்வீடு எங்க இருந்துச்சு? கடலுக்கு அந்தப் பக்கம். ரஜூலா கப்பல்ல வந்து பினாங்குல இறங்கின பொண்ணுக்கு நாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற அம்மாவை எப்படிக் கூப்பிடுறது? கங்காணி கூட்டிட்டு வந்த கூட்டத்துல புருஷன் மட்டும்தான் உறவு. அவரும் விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போகணும். சாயங்காலம் கள்ளுக்கடை வேற.

ஜப்பான்காரன் காலத்துல அந்தப் புருஷனும் இல்லாமப் போனாங்க. 1942-க்கு அப்புறம் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளிகளைத் தோட்டங்கள்ல இருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனாங்க. ரொம்பப் பேர் திரும்பவே இல்ல. கைக்குழந்தையோட மரவள்ளிக்கிழங்கைத் தின்னுக்கிட்டு லயத்துல காத்திருந்த பொண்ணுங்களோட மனசு என்ன பாடு பட்டிருக்கும்? செத்தவங்களுக்குக்கூட ஒரு கணக்கு எழுதப் பார்த்தாங்க. காத்திருந்து கலங்கினவங்களைக் கணக்கு எடுக்க யாரும் வரல.

போருக்கு அப்புறமும் கூலி அன்னாடக் கூலிதான். மரம் வெட்டாத நாளுக்குச் சம்பளம் இல்ல. 1955 வேலைச் சட்டம் 60 நாள் பிரசவ விடுப்புக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் பிள்ளையை ஆயாக் கொட்டகையில விட்டுட்டுக் காட்டுக்குப் போகணும். அந்த 60 நாள் 98 நாளா மாறினது எப்பன்னு நினைக்கிறீங்க? 2023 ஜனவரி 1-ஆம் தேதிதான்.

ஆனாலும் தோட்டத்துல ஒரு நல்லதும் இருந்துச்சு. லயத்துல பக்கத்து வீட்டுச் சுவரு ஒரு பலகைதான். பிள்ளை அழுதா நாலு வீட்டுக்குக் கேக்கும். யாராவது ஒரு அத்தை வந்து "குடு, நான் வச்சிருக்கேன், நீ படு"ன்னு வாங்கிக்குவாங்க. 1980-க்கு அப்புறம் தோட்டங்கள் செம்பனையாவும் வீடமைப்புத் திட்டமாவும் மாறினப்ப நம்ம ஜனங்க ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும், அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறிப் போனாங்க. கோயிலைக்கூட இடம் மாத்திக் கட்டிக்கிட்டோம். அந்தப் பக்கத்து வீட்டு அத்தைகளை எங்க கொண்டு வந்து வைக்கிறது? இன்னைக்கு ஏழாவது மாடியில கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பொண்ணு அழுதா யாருக்குக் கேக்கும்?

அடுத்தது தஞ்சோங் ரம்புத்தான்.

ஈப்போக்காரங்களுக்கு இந்தப் பேரு ஒரு கிண்டல். பள்ளிக்கூடத்துல யாராவது கோணலாப் பேசினா "தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ல ஏத்தி விடு"ன்னு சொல்லிச் சிரிச்சிருக்கோம். அந்த ஆஸ்பத்திரி 1911-ல பிரிட்டிஷ்காரங்க திறந்தது. அப்ப அதோட பேருலயே பைத்தியக்கார விடுதின்னுதான் இருந்துச்சு. 1928-ல மத்திய மனநோய் மருத்துவமனைன்னு மாத்தினாங்க. 1971-ல ஹாஸ்பிட்டல் பஹாகியான்னு பேரு வச்சாங்க. பஹாகியான்னா மகிழ்ச்சி. பேரை ரெண்டு தடவை மாத்தியும் நம்ம வாயில இருக்கற பேரு மாறல.

பழைய காலத்துல அங்க போன தாய்க்கு இன்னொரு கொடுமை: பிள்ளையைப் பிரிச்சிடுவாங்க. தாய் உள்ளே, பிள்ளை வீட்டுல. பால் கட்டி வலிக்கும், பிள்ளை எங்கன்னு தெரியாது. தாயையும் பிள்ளையையும் ஒண்ணாவே வச்சு வைத்தியம் பார்க்கலாம்ங்கற யோசனை 1948-ல இங்கிலாந்துல காசெல் மருத்துவமனையிலதான் செயலுக்கு வந்துச்சு. இந்தியாவுல பெங்களூரு நிம்ஹான்ஸ்ல 2009-ல அப்படி ஒரு பிரிவு திறந்தாங்க. எங்க சின்னப் பாட்டிக்கு அந்தக் குடுப்பினை இல்ல. திரும்பி வந்தப்ப பிள்ளை அவங்களை அடையாளம் தெரியாம ஆயாவைக் கட்டிப் பிடிச்சு அழுதுச்சாம். அதைத்தான் சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுவாங்க. வேப்பிலை அடியைப் பத்தி ஒரு நாளும் சொன்னதில்ல.

சட்டம்கூட இந்த நோயைப் புரிஞ்சுக்க ரொம்ப நாள் ஆச்சு. பிரசவத்தோட பாதிப்புல மனநிலை தடுமாறின தாயால பச்சைக் குழந்தை இறந்தா, அதைக் கொலைன்னு பார்க்கக்கூடாதுன்னு இங்கிலாந்து 1922-ல சட்டம் கொண்டு வந்துச்சு. நம்ம நாட்டுத் தண்டனைச் சட்டத்துல அது 309A பிரிவா 1989-லதான் சேர்ந்துச்சு. தற்கொலைக்கு முயற்சி பண்றது குற்றம்ங்கற 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-லதான் நீக்குச்சு. அது வரைக்கும் உயிரை விடப் பார்த்துப் பிழைச்ச தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவே குடும்பம் பயந்துச்சு, போலீஸ் கேஸ் ஆயிடுமேன்னு.

இப்ப டாக்டர்கள் இதை மூணாப் பிரிக்கிறாங்க. இதை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்குங்க.

முதலாவது, பிரசவமான மூணாம் நாள், நாலாம் நாள் காரணமே இல்லாம அழுகை வரும். பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு வரும். ரெண்டு வாரத்துக்குள்ள தானாப் போயிடும். தூக்கமும் ஆறுதலும் போதும்.

ரெண்டாவது, மனச்சோர்வு. ரெண்டு வாரம் தாண்டியும் போகாது. எதுலயும் பிடிப்பு இருக்காது, பிள்ளை மேல ஒட்டுதல் வராது, "நான் நல்ல தாய் இல்ல"ன்னு தோணிக்கிட்டே இருக்கும். நம்ம நாட்டு சுகாதார அமைச்சோட 2016 ஆய்வுல 100 தாய்மாருக்கு 4.4 பேர்னு வந்துச்சு. 2002-ல வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் கிராமத்துத் தமிழ்ப் பெண்கள்கிட்டச் செஞ்ச ஆய்வுல பிரசவத்துக்கு அப்புறம் புதுசா வந்தது மட்டுமே 100-க்கு 11 பேர். அவங்க கண்டுபிடிச்ச காரணங்களைப் பாருங்க: வறுமை, பையனை எதிர்பார்த்துப் பொண்ணு பிறந்தது, மாமியாரோடயும் பெத்தவங்களோடயும் உரசல், வீட்டுல கைவேலைக்கு ஆள் இல்லாதது. இதுல எந்த இடத்துல பேய் வருது? எல்லாமே நம்ம கையில இருக்கற காரணம்.

மூணாவது, ரொம்பக் கடுமையானது. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும். தூக்கமே இல்லாம, இல்லாத குரல் கேக்கும், பிள்ளையை மாத்திட்டாங்கன்னு தோணும். எங்க சின்னப் பாட்டிக்கு வந்தது இதுவாத்தான் இருக்கணும். இது அன்னைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டிய நோய். தாயோட உயிருக்கும் பிள்ளையோட உயிருக்கும் ஆபத்து. ஆனா சரியா வைத்தியம் பார்த்தா பெரும்பாலானவங்க நல்லாவே குணமாயிடுவாங்க.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். இந்த மூணாவது நோய் பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ளதான் ஆரம்பிக்கும். அது என்ன காலம்? தீட்டுக் காலம். தாயும் பிள்ளையும் ஒரு அறையில, வெளியாள் யாரும் வராத காலம். தீட்டை நான் குறை சொல்ல வரல. ஒரு மாசம் அவளை வேலை வாங்காதே, அடுப்படிக்கு அனுப்பாதே, கூட்டத்துல கொண்டு போகாதேன்னு நம்ம பெரியவங்க வச்ச பாதுகாப்பு அது. பச்சை உடம்புக்கு ஓய்வு. ஆனா பாதுகாக்கற அதே கதவு மறைக்கவும் செய்யும். உள்ளே கலங்கிப் போனவளை வெளியில யாரும் பார்க்க முடியாது. பார்த்த வீட்டுக்காரங்களும் "வெளிய தெரிஞ்சா மத்த பொண்ணுங்களுக்கு மாப்பிள்ளை வராது"ன்னு இன்னும் இறுக்கிச் சாத்திடுவாங்க.

இப்ப என் தப்பைச் சொல்றேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் அர்ச்சனைச் சீட்டு மேசையில இருந்தேன். ஒரு அம்மா மருமகளைக் கூட்டிட்டு வந்தாங்க. "பிள்ளை பெத்ததுல இருந்து ஒரு மாதிரியா இருக்கா தம்பி, யாரோ ஏதோ வச்சிட்டாங்க போல"ன்னாங்க. நான் எலுமிச்சம்பழம் மந்திரிச்சு, கறுப்புக் கயிறு கட்டச் சொல்லி அனுப்பினேன். மூணு வெள்ளி வரச் சொன்னேன். மூணாவது வெள்ளிக்கு வரல. ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க, உயிரைக் காப்பாத்தினதே பெரிய விஷயம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அம்மன் கருணை, அந்தப் பொண்ணு இன்னைக்கு நல்லா இருக்கு. அதோட அனுமதி கேட்டுத்தான் இதை எழுதறேன். குணமாகி வந்தப்ப எங்கிட்ட சொன்னது: "அண்ணே, அன்னைக்கு நீங்க மாமிகிட்டதான் பேசினீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். சொல்லத்தான் கோயிலுக்கு வந்தேன்."

அந்த வார்த்தை இன்னும் எனக்குள்ள கிடக்குது.

சிலர் கேப்பீங்க, அப்ப சாமி வர்றது பொய்யான்னு. நான் அப்படிச் சொல்லல. சாமி வந்தவங்களை எத்தனையோ திருவிழாவுல நானே தாங்கிப் பிடிச்சிருக்கேன். கற்பூரம் காட்டி மலையேறினதும் அவங்க தண்ணி கேட்டுக் குடிச்சிட்டுப் பழையபடி பேசுவாங்க. நோய் அப்படி மலையேறாது. நாளாக ஆகக் கூடும். சாமிகிட்ட போறதும் டாக்டர்கிட்ட போறதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. பெரியாச்சியே ஒரு மருத்துவச்சிதானே?

நிர்வாகத்துகிட்ட பேசி, இனிமே படையலுக்கு வர்ற தாயை மேடையில உட்கார வச்சு, பெண் தொண்டர் ஒருத்தர் தனியா ரெண்டு கேள்வி கேக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். "ராத்திரி பிள்ளை தூங்கும்போதாவது உனக்குத் தூக்கம் வருதாம்மா?" "மனசு எப்படி இருக்கு?" அவ்வளவுதான். பதில் சரியில்லன்னா கூடவே கிளினிக்குக்குப் போவோம். அரசாங்க கிளினிக்ல தாய் சேய் நலப் பிரிவுத் தாதியர்கிட்ட தைரியமாச் சொல்லலாம். பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் வச்சிருக்காங்க, 1987-ல ஸ்காட்லாந்துல உருவாக்கினது. பத்து நிமிஷம்கூட ஆகாது. பால் குடுக்கற தாய்க்கும் ஏத்த மருந்து இருக்கு. போன்ல பேசணும்னா சுகாதார அமைச்சோட மனநல உதவி எண் 15555. உயிருக்கு ஆபத்துன்னு தோணினா யோசிக்காம 999 கூப்பிடுங்க.

மாமியார்மாருக்கு ஒரு வேண்டுகோள். "நாங்க எட்டுப் பெத்தோம்"னு சொல்லாதீங்க. அந்த எட்டுல எத்தனை தடவை நீங்களே சுவரைப் பார்த்துப் படுத்து அழுதீங்கன்னு உங்க மனசுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்க. மருமகளுக்கு அதுதான் பெரிய ஆறுதல். புருஷன்மாரே, ராத்திரி ஒரு தடவை நீங்க எழுந்து பிள்ளையைத் தூக்குங்க. அதுவும் ஒரு அர்ச்சனைதான்.

எங்க சின்னப் பாட்டி இப்ப இல்ல. வர்ற ஆடி மாசம் பெரியாச்சிக்கு அவங்க பேருல ஒரு படையல் போடப் போறேன். அவங்க மாதிரி தூணோரமா நின்ன யாராவது உங்க வீட்டுலயும் இருந்திருப்பாங்க. அன்னைக்கு அவங்க பேரையும் எங்கிட்ட சொல்லுங்க, சங்கல்பத்துல சேர்த்துக்குவோம். இன்னும் உயிரோட இருக்காங்கன்னா கையோட கூட்டிட்டு வாங்க. நம்ம கோயில்ல அவங்க கையில குழந்தையைக் குடுப்போம்.

ஓம் சக்தி. எல்லாத் தாய்மாரும் நல்லா இருக்கணும்.